லேப்டாப், டெஸ்க்டாப் பிராசசர் வேகத்தை ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பின் விவரத்தாளில் 5.0 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. டெஸ்க்டாப்பில் 4.6. இரண்டிலும் 10 கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). அப்படியானால் லேப்டாப்தானே வேகம் என்று வாங்கிவிட்டு, வீடியோ ஏற்றுமதியில் அது திணறும்போது பிராசசரில் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் நிறைய பேர். கோளாறு எதுவும் இல்லை. அந்த 5.0 என்பது ஒன்றிரண்டு கோர்கள் சிறிது நேரம் தொட்டுவிட்டு இறங்கும் உச்சம். பத்தாவது நிமிடத்தில் எல்லாக் கோர்களும் எந்த வேகத்தில் நிற்கும் என்பதை விவரத்தாள் சொல்வதில்லை. அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பெரும்பாலானோர் நேராக ஒரு சோதனை மென்பொருளை ஓட்டி, வந்த மதிப்பெண்ணை இணையத்தில் யாரோ போட்ட மதிப்பெண்ணோடு ஒப்பிடுகிறார்கள். சார்ஜர் எது, பவர் மோட் எது, எத்தனை நிமிடம் ஓடியது என்று தெரியாமல் அந்த ஒப்பீட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: லேப்டாப்போடு வந்த அதே சார்ஜர், பிராசசரின் வேகம், வாட், வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (இலவசம்), வேகத்தைச் சோதித்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் (இதுவும் இலவசம்), எண்களைக் குறிக்க ஒரு தாள், தொந்தரவில்லாத ஒரு மணி நேரம். கீழே உள்ளவை விண்டோஸுக்கானவை. லினக்ஸில் எச்டபிள்யூஇன்ஃபோவுக்குப் பதிலாக டர்போஸ்டாட் போதும். சினிபெஞ்ச் லினக்ஸுக்கு இல்லை, அதற்குப் பதில் வேறொரு சோதனை மென்பொருள் வேண்டும். அளக்கும் முறை ஏறக்குறைய அப்படியேதான்.

## 1. முதலில் உங்கள் வேலை என்ன என்று எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இது இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது.

பிரவுசர், ஆவணங்கள், மின்னஞ்சல், கணக்குத்தாள் எல்லாம் சில நொடி வேகம் கேட்டுவிட்டு ஓய்ந்துவிடும் வேலைகள். ஒன்றிரண்டு கோர்கள் உச்சத்துக்குப் போய் முடித்துவிடும். இங்கே நல்ல லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கண்ணில் படாது.

வீடியோ ஏற்றுமதி, முப்பரிமாண ரெண்டரிங், பெரிய மென்பொருளை கம்பைல் செய்வது போன்றவை எல்லாக் கோர்களையும் நிமிடக் கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். வித்தியாசம் முழுசாகத் தெரியும் இடம் இதுதான்.

விளையாட்டுகள் தனி ரகம். சில கோர்களின் வேகம், கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, அதிவேக நினைவகம்), கிராஃபிக்ஸ் சிப் மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. லேப்டாப்பில் இதற்கென்று ஒரு சிக்கல் உண்டு. அது 9-ஆம் படியில் வருகிறது.

ஆக, உங்கள் வேலை குறுகிய வெடிப்பா, நீண்ட ஓட்டமா என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். குறுகிய வெடிப்பு என்றால் 6-ஆம் படியின் எண் உங்களுக்கு முக்கியம். நீண்ட ஓட்டம் என்றால் 7-ஆம் படி.

## 2. பிராசசரின் முழு மாடல் பெயரை எடுங்கள்

"ஐ7 லேப்டாப்", "ரைசன் 5" என்பதெல்லாம் பெயர் அல்ல, குடும்பத்தின் அடையாளம் மட்டுமே. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவை (அதாவது பிராசசரை) தேர்ந்தெடுத்தால் வலது மேல் மூலையில் முழுப் பெயர் இருக்கும். கடைசி எழுத்து வரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி எழுத்துதான் மின்சார வகுப்பைச் சொல்கிறது. இன்டெல்லில் யூ என்றால் மெலிந்த லேப்டாப்புக்கான குறைந்த வாட் சிப். எச் என்றால் அதிக வாட் லேப்டாப் சிப். எச்எக்ஸ் என்றால் டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்புக்கு ஏற்றபடி அடக்கி வைத்தது. கே என்றால் வேகத்தைக் கூட்ட அனுமதிக்கும் டெஸ்க்டாப் சிப், டி என்றால் மின்சாரம் குறைத்த டெஸ்க்டாப் சிப். ஏஎம்டியும் லேப்டாப்பில் யூ, எச்எஸ், எச், எச்எக்ஸ் என்று ஏறக்குறைய இதே பொருளில்தான் பயன்படுத்துகிறது.

ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே மூன்றாவது இலக்கம்தான் உள்கட்டமைப்பின் வயதைச் சொல்லும். ரைசன் 5 7520யூ என்பதில் உள்ள 2, அது சென் 2 என்ற பழைய கட்டமைப்பு என்பதற்கான குறி. 7730யூ சென் 3. 7840யூ சென் 4. முதல் இலக்கம் மூன்றுக்கும் ஒன்றே. பெயர் வைத்தவர்கள் வாங்குகிறவரை மனதில் வைத்து இதைச் செய்ததாகத் தெரியவில்லை!

கட்டமைப்பு ஏன் முக்கியம்? கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பதை மட்டும் சொல்கிறது. 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது கட்டமைப்பைப் பொறுத்தது. வேகமாக அடி வைப்பவரை விட எட்டி அடி வைப்பவர் முன்னால் போய்ச் சேர்வது போலத்தான். 2006-இல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டியோ, அதற்கு முந்தைய 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ எளிதாகத் தாண்டியது இப்படித்தான்.

எனவே கட்டமைப்பு வேறாக இருந்தால் கிகாஹெர்ட்ஸை நேரடியாக ஒப்பிடாதீர்கள். அளந்த நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

## 3. தயாரிப்பாளர் தளத்திலிருந்து ஐந்து விவரங்களைக் குறியுங்கள்

இன்டெல், ஏஎம்டி இரண்டின் தளங்களிலும் மாடல் பெயரைத் தேடினால் விவரப் பக்கம் கிடைக்கும். விற்பனைப் பக்கத்தை நம்பாதீர்கள், அங்கே உச்ச வேகம் மட்டுமே இருக்கும். குறிக்க வேண்டியவை: அடிப்படை வேகம், உச்ச வேகம், கோர்களின் வகையும் எண்ணிக்கையும், எல்3 கேஷ், வாட் அளவு.

தொடக்கத்தில் சொன்ன ஜோடியையே எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் இருப்பது கோர் ஐ7-1355யூ. டெஸ்க்டாப்பில் கோர் ஐ5-13400. ஐ7-இன் உச்சம் 5.0, ஐ5-இன் உச்சம் 4.6 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலும் 10 கோர்கள். ஆனால் அந்தப் பத்தைப் பிரித்துப் பாருங்கள். லேப்டாப் சிப்பில் வேகக் கோர்கள் 2, சிக்கனக் கோர்கள் 8. டெஸ்க்டாப்பில் வேகக் கோர்கள் 6, சிக்கனக் கோர்கள் 4. வேகக் கோர்களின் அடிப்படை வேகம் அங்கே (லேப்டாப்பில்) 1.7, இங்கே (டெஸ்க்டாப்பில்) 2.5. எல்3 கேஷ் அங்கே 12 எம்பி, இங்கே 20 எம்பி. அடிப்படை மின் அளவு அங்கே 15 வாட், இங்கே 65 வாட். டர்போவில், அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும்போது, அதிகபட்சம் அங்கே 55, இங்கே 148.

ஐந்தையும் பார்த்தபிறகு, பெயரில் ஐ7 இருப்பதாலோ உச்ச வேகம் கூடுதலாக இருப்பதாலோ லேப்டாப் முன்னால் நிற்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாக் கோர்களும் ஓடும் வேலையில் அந்த ஐ5 தாண்டிப் போய்விடும். ஒரே கோர் சில நொடி ஓடும் வேலையில் ஐ7 சமமாகவோ சற்று முன்னாலோ நிற்கலாம். அதற்காகத்தான் முதல் படியில் வேலையை எழுதச் சொன்னேன்.

கேஷை அலட்சியப்படுத்தாதீர்கள். ரைசன் 7 5800எக்ஸ் என்ற டெஸ்க்டாப் சிப்பும் ரைசன் 7 5800எச் என்ற லேப்டாப் சிப்பும் ஒரே சென் 3 கட்டமைப்பு, இரண்டும் 8 கோர்கள். உச்ச வேகம் 4.7, 4.4. வேகத்தில் வித்தியாசம் 7 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் எல்3 கேஷ் 32 எம்பி, 16 எம்பி, அதாவது சரி பாதி. விளையாட்டுகளில் அந்தப் பாதி கேஷ் நன்றாகவே தெரியும். 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி இதைத் தலைகீழாக நிரூபித்தது. உச்ச வேகம் 4.5 என்று குறைந்தாலும் 96 எம்பி கேஷால் பெரும்பாலான விளையாட்டுகளில் 5800எக்ஸை முந்தியது.

## 4. வாட் அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சிப் எடுக்கும் மின்சாரம், வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் கடைசி 10 சதவீத வேகத்துக்கு, அதைவிடப் பல மடங்கு விகிதத்தில் கூடுதல் வாட் செலவாகும். அந்த வாட் முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. டெஸ்க்டாப்பில் அதை இழுத்துக்கொள்ள பெரிய ஹீட்சிங்கும் காற்றுப் போக இடமும் உண்டு. 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள லேப்டாப்பில் அதற்கு இடமில்லை.

இன்டெல் சிப்களில் இரண்டு வரம்புகள் இருக்கும். பிஎல்2 என்பது குறுகிய நேரத்துக்கு அனுமதிக்கப்பட்ட உயர் வரம்பு. பிஎல்1 என்பது தொடர்ந்து ஓடும்போது அனுமதிக்கப்பட்ட வரம்பு. பிஎல்2-இலிருந்து பிஎல்1-க்கு இறங்கும் நேரம் 28 நொடி, 56 நொடி என்று அமைக்கப்பட்டிருக்கும். ஏஎம்டியிலும் இதே கருத்து வேறு பெயர்களில் இருக்கிறது, டெஸ்க்டாப்பில் அதை பிபிடி என்பார்கள்.

இந்த வரம்புகளைக் கடைசியில் முடிவு செய்பவர் சிப் தயாரிப்பாளர் அல்ல, லேப்டாப்பைக் கட்டியவர். அதனால்தான் ஒரே சிப் உள்ள இரண்டு லேப்டாப்கள் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. ஒன்று தொடர்ந்து 15 வாட்டில் நிற்கும், இன்னொன்று 28-இல். ஆப்பிளின் எம்1-ஐப் பாருங்கள்: மேக் மினியிலும் மேக்புக் ஏரிலும் இருப்பது ஒரே சிப், ஒரே 3.2 கிகாஹெர்ட்ஸ். ஏரில் ஃபேன் இல்லை. சிறு வேலைகளில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நீண்ட ரெண்டரிங்கில் ஏர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மினி அப்படியே ஓடும்.

பெரிய சிப்களுக்கும் இதே கதைதான். கோர் ஐ9-14900கே டெஸ்க்டாப்பில் 253 வாட் வரை இழுக்கும். 14900எச்எக்ஸ் லேப்டாப்பில் அதே 24 கோர்கள், உச்ச வேகம் 5.8 (டெஸ்க்டாப்பில் 6.0), ஆனால் அடிப்படை 55 வாட், டர்போவில் 157 வாட். உச்ச வேகத்தை மட்டும் பார்த்தால் 0.2 கிகாஹெர்ட்ஸ்தான் வித்தியாசம்!

ஒரு எச்சரிக்கை. வாட் பாதியானால் வேகமும் பாதியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். மேலே சொன்ன காரணத்தாலேயே வாட்டை விட வேகம் குறைவான விகிதத்தில்தான் இறங்கும். லேப்டாப்கள் இன்று இவ்வளவு நன்றாக ஓடுவதும் அதனால்தான்.

## 5. சோதனைக்கு முன் கணினியைத் தயார் செய்யுங்கள்

தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. சோதனை முடிந்தபின் இதைத் திருத்த முடியாது, எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.

சார்ஜர். கூடவே வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். ஃபோனுக்கோ வேறு லேப்டாப்புக்கோ வந்த டைப்-சி சார்ஜர் போட்டாலும் சார்ஜ் ஏறும், திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் பல லேப்டாப்கள் குறைந்த வாட் சார்ஜரைக் கண்டவுடன் பிராசசரின் வரம்பைச் சத்தமில்லாமல் இறக்கிவிடும். பேட்டரியும் நன்றாக ஏறியிருக்கட்டும். காலியான பேட்டரி சார்ஜரின் வாட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

பவர் மோட். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர் பகுதி. பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். அப்புறம் லேப்டாப் கம்பெனியின் சொந்தச் செயலியையும் திறந்து பாருங்கள். சைலன்ட், பேலன்ஸ்ட், பெர்ஃபார்மன்ஸ் என்று அதில் தனியாக இருக்கும். விண்டோஸில் ஒன்றும் அதில் வேறொன்றும் இருந்தால், வரம்புகளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் செயலிதான்.

ரேம். டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். பல லேப்டாப்கள் ஒரே ரேம் குச்சியோடு வருகின்றன. பக்கத்தில் உள்ள டெஸ்க்டாப்பில் இரண்டு இருந்தால், பிராசசரை ஒப்பிடுவதாக நினைத்து ரேமை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். டெஸ்க்டாப்பில் இதற்கு எதிரான தவறு நடக்கும். வேகமான ரேம் வாங்கிப் போட்டுவிட்டு, பயாஸில் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்காமல் விட்டால் அது சாதாரண வேகத்திலேயே ஓடும்.

பயாஸ். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் என்றால் பயாஸைப் புதுப்பித்த பிறகே சோதியுங்கள். மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி நிலையின்மை வந்த சிக்கலுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (சிப்பின் உள்கட்டுப்பாட்டு நிரல்) திருத்தங்கள் வந்தன. பழைய பயாஸில் சில மதர்போர்டுகள் மின் வரம்புகளையே எடுத்துவிட்டு ஓட்டின. அப்படி வரும் மதிப்பெண்ணை நம்பி ஒப்பிட முடியாது.

இடம். லேப்டாப்பை மேசைமேல் வையுங்கள். மெத்தை, மடி, தலையணை வேண்டாம், அடியில் காற்று போகும் வழி அடைபடும். இரண்டு கணினிகளையும் ஒரே அறையில் சோதியுங்கள். அறைச் சூடு சில டிகிரி மாறினாலே லேப்டாப்பின் முடிவு மாறும், டெஸ்க்டாப்பில் அவ்வளவாக மாறாது.

எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்டேட், ஆன்டிவைரஸ், கோப்பு அட்டவணை வேலைகள் அடங்கட்டும்.

## 6. ஒற்றைக் கோர் வேகத்தை அளங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோவை சென்சார்ஸ் ஒன்லி முறையில் திறங்கள். அப்புறம் சினிபெஞ்சில் சிங்கிள் கோர் சோதனையைத் தொடங்குங்கள். முதலில் இதைச் செய்வதற்குக் காரணம், இது கணினியை அதிகம் சூடாக்காது. முழுக் கோர் சோதனையை முதலில் ஓட்டினால் மிஞ்சிய சூடு இந்த முடிவைக் கெடுக்கும்.

பட்டியலில் கோர் கிளாக் என்றும் எஃபெக்டிவ் கிளாக் என்றும் இரண்டு வகை தெரியும். புதியவர்கள் குழம்பும் இடம் இது. கோர் கிளாக் என்பது அந்தக் கோருக்கு அந்த நொடியில் தரப்பட்டுள்ள வேகம். கோர் தூங்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்துச் சொல்வது எஃபெக்டிவ் கிளாக். ஒரு வேலையும் இல்லாதபோது கோர் கிளாக் 4.5 என்றும் எஃபெக்டிவ் 0.05 என்றும் காட்டினால் பயப்பட வேண்டாம், கோர் உறங்குகிறது, அவ்வளவுதான்.

விண்டோஸ் ஒரே வேலையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே கோரை உற்றுப் பார்க்காமல் மேக்ஸிமம் பத்தியைப் பாருங்கள். விவரத்தாளில் உள்ள உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கோர் வந்திருந்தால் சரி. 0.1, 0.2 குறைந்தாலும் கவலையில்லை. சில சிப்கள் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டுமே அந்தக் கடைசித் துளியைத் தரும். 14900கே அந்த 6.0-ஐத் தொட 70 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

டாஸ்க் மேனேஜர் காட்டும் ஸ்பீட் எண்ணை இங்கே பயன்படுத்தாதீர்கள். அது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும், தனிக் கோர் அதில் தெரியாது.

## 7. முழுக் கோர் வேகத்தைப் பத்து நிமிடம் அளங்கள்

சினிபெஞ்சில் மல்டி கோர் சோதனையை இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் முறை குறைந்தபட்ச நேரத்தை அணைத்துவிட்டு ஒரே சுற்று. அந்த மதிப்பெண்ணைக் குறியுங்கள். கணினி குளிர ஐந்து நிமிடம் விட்டு, பத்து நிமிட அமைப்பில் இரண்டாவது முறை. சினிபெஞ்ச் ஆர்23-க்கும் சினிபெஞ்ச் 2024-க்கும் மதிப்பெண் அளவுகோல் வேறு. இரண்டு கணினியிலும் ஒரே பதிப்பை ஓட்டுங்கள்.

ஓடும்போது மூன்று எண்களை மூன்று தடவை குறித்துக்கொள்ளுங்கள்: 10-ஆம் நொடியில், 2-ஆம் நிமிடத்தில், 9-ஆம் நிமிடத்தில். வேகக் கோர்களின் எஃபெக்டிவ் கிளாக், சிபியூ பேக்கேஜ் பவர், சிபியூ பேக்கேஜ் வெப்பம். மேக்ஸிமம் பத்தியை இந்தச் சோதனையில் பார்க்காதீர்கள், அது முதல் சில நொடி உச்சத்தையே பிடித்து வைத்திருக்கும். அப்போதைய மதிப்பைக் காட்டும் பத்திதான் வேண்டும்.

பேக்கேஜ் பவர் ஒன்றே கதை முழுவதையும் சொல்லிவிடும். மெலிந்த லேப்டாப்பில் 10-ஆம் நொடியில் 50 வாட்டை ஒட்டி இருந்தது, 2-ஆம் நிமிடத்தில் 20-க்கு வந்து அங்கேயே நிற்கலாம். கூடவே கிகாஹெர்ட்ஸும் இறங்கியிருக்கும். டெஸ்க்டாப்பில் முதல் நிமிடத்துக்கும் ஒன்பதாவது நிமிடத்துக்கும் பெரிய மாற்றம் இருக்காது. இருந்தால் அந்த டெஸ்க்டாப்பின் கூலரைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் சொந்த வேலையையே சோதனையாக வைத்தால் இன்னும் நல்லது. ஒரே வீடியோ கோப்பை இரண்டு கணினியிலும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாற்றி நேரத்தைக் குறியுங்கள். ஆனால் என்கோடரைத் தேர்ந்தெடுக்கும்போது எக்ஸ்265 என்று உள்ளதையே எடுங்கள். என்வென்க், குயிக் சிங்க் போன்றவற்றை எடுத்தால் வேலையைச் செய்வது கிராஃபிக்ஸ் பகுதியில் உள்ள தனி வன்பொருள். பிராசசரை அளந்ததாக ஆகாது.

## 8. எது தடுத்தது என்று கண்டுபிடியுங்கள்

வேகம் இறங்கியது தெரிந்துவிட்டது. காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: சூடு, மின் வரம்பு, அல்லது வெளியிலிருந்து வரும் கட்டளை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

எச்டபிள்யூஇன்ஃபோவில் தெர்மல் த்ராட்லிங் வரிசை யெஸ் என்று மாறியிருந்தால், வெப்பமும் 95, 100 டிகிரி என்று சிப்பின் எல்லையில் நின்றிருந்தால், காரணம் சூடு. ஃபேனில் தூசு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், அடைபட்ட காற்று வழி ஆகியவற்றைப் பாருங்கள். இதைச் சரி செய்ய முடியும். புதிய லேப்டாப்பிலேயே இப்படி என்றால் அந்த உடல் அந்தச் சிப்புக்குப் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

வெப்பம் 75 டிகிரிதான், ஆனால் வாட் ஒரே எண்ணில் சுவர் மாதிரி நிற்கிறது என்றால் காரணம் மின் வரம்பு. பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ் பகுதியில் பிஎல்1 வரிசை யெஸ் காட்டும். தெர்மல் பேஸ்ட் மாற்றுவது இங்கே காசுக்குக் கேடு. 5-ஆம் படிக்குப் போய் கம்பெனிச் செயலியின் மோடைப் பாருங்கள். அதிலும் மாறவில்லை என்றால், லேப்டாப்பைக் கட்டியவர் அப்படித்தான் தீர்மானித்திருக்கிறார்.

மூன்றாவது வகை அபூர்வம், ஆனால் ஆளைப் பைத்தியமாக்கிவிடும். லேப்டாப் சூடே இல்லை, வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் சிக்கி நகர மறுக்கிறது. இது பிடி ப்ரோக்ஹாட் என்ற கட்டளையின் வேலையாக இருக்கும். பிராசசருக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு பகுதி "வேகத்தைக் குறை" என்று சிப்புக்குச் சொல்கிறது. பெரும்பாலும் சார்ஜரை அடையாளம் காண முடியாததுதான் காரணம். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், சரியான சார்ஜரை மாற்றிப் பாருங்கள். த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருளால் அந்தக் கட்டளையை அணைக்க முடியும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். காரணம் தெரியாமல் அதைச் செய்ய வேண்டாம். உண்மையிலேயே மின்சுற்று சூடாகி எச்சரித்தாலும் அப்புறம் யாருக்கும் தெரியாது.

உச்ச வேகம் அடிப்படை வேகத்தைத் தாண்டவே இல்லையா? பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் 99 சதவீதமாக இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டைக் குறைக்க யாரோ சொன்ன யோசனையாக அதை வைத்திருப்பார்கள். 100-லிருந்து ஒன்று குறைந்தாலே டர்போ மொத்தமாக அணைந்துவிடும்.

மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைக் குறைக்கும் அண்டர்வோல்டிங் முறை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019 இறுதியில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தபின் பல லேப்டாப்களில் இது பூட்டப்பட்டுவிட்டது. உங்களுடையதில் வேலை செய்யவில்லை என்றால் அதோடு போராட வேண்டாம்.

## 9. லேப்டாப்புக்கு மட்டும் இரண்டு கூடுதல் சோதனை

டெஸ்க்டாப்புக்கு இவை தேவையில்லை.

ஒன்று, சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரே சுற்று மல்டி கோர் சோதனை. சில லேப்டாப்கள் பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும், சில பெரிய அளவில் இறங்கிவிடும். வெளியே எடுத்துப் போய் வேலை செய்பவருக்கு உண்மையான எண் இதுதான்.

இரண்டு, தனி கிராஃபிக்ஸ் சிப் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஓட்டுவது. ஒரு கனமான விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டி, சிபியூ பேக்கேஜ் பவரைக் குறியுங்கள். லேப்டாப்பில் இரண்டு சிப்களும் ஒரே ஹீட்பைப்களைப் பகிர்ந்துகொள்வதால், கிராஃபிக்ஸுக்கு வாட் கொடுக்க பிராசசரின் பங்கு வெட்டப்படும். தனியாக 60 வாட்டில் ஓடிய பிராசசர் இங்கே 30-இல் ஓடலாம்.

கிராஃபிக்ஸ் பெயர்களிலும் ஏமாறாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராஃபிக்ஸ் சிப்புக்கு டெஸ்க்டாப்பில் 16,384 கியூடா கோர்கள் (கிராஃபிக்ஸ் சிப்பின் சிறு கணிப்பு அலகுகள்), 24 ஜிபி நினைவகம். லேப்டாப்பில் அதே பெயரில் 9,728 கோர்கள், 16 ஜிபி. வேறு சிப், வேறு வாட், ஒரே பெயர்.

## 10. எண்களை விகிதமாக மாற்றுங்கள்

இப்போது தாளில் எண்கள் நிறைந்திருக்கும். இரண்டு வகுத்தல்கள் போதும்.

முதலாவது, ஒவ்வொரு கணினியிலும் பத்து நிமிட மதிப்பெண்ணை ஒரு சுற்று மதிப்பெண்ணால் வகுங்கள். கற்பனையாக, 12,000-இல் தொடங்கி 9,000-இல் முடிந்தால் 0.75. டெஸ்க்டாப்பில் இது 0.95-க்கு மேல் இருக்க வேண்டும். லேப்டாப்பில் 0.85 என்றால் நன்றாகக் கட்டப்பட்டது என்பேன். 0.7-க்குக் கீழே போனால் விவரத்தாளின் எண்ணை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் வேலைக்கு ஏற்ற மதிப்பெண்ணை மட்டும் எடுத்து இரண்டு கணினிகளையும் வகுங்கள். குறுகிய வெடிப்பு என்று எழுதியவர் சிங்கிள் கோர் மதிப்பெண்ணை வகுக்கட்டும், நீண்ட ஓட்டம் என்று எழுதியவர் பத்து நிமிட மதிப்பெண்ணை. டெஸ்க்டாப் 1.25 மடங்கு என்று வந்தால், லேப்டாப்பில் 10 நிமிடம் எடுக்கும் வேலை அங்கே 8 நிமிடத்தில் முடியும். அந்த 2 நிமிடம் ஒரு நாளில் எத்தனை முறை வரும் என்று யோசியுங்கள். ஒரே ஒரு முறை என்றால் லேப்டாப்பின் வசதியை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. நாள் முழுக்க ரெண்டர் செய்பவருக்குக் கணக்கே வேறு.

சராசரி எடுக்காதீர்கள். சிங்கிள், மல்டி இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வரும் எண் யாருடைய வேலையையும் குறிக்காது.

## 11. கணினியைத் தொட்டுப் பார்க்க முடியாதபோது

இன்னும் வாங்காத கணினியில் மேலே சொன்ன எதையும் ஓட்ட முடியாது. அப்போது விமர்சனங்களைத்தான் நம்ப வேண்டும், ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்து தேடுங்கள். ஒரே மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் விமர்சனத்தை ஒதுக்குங்கள். சினிபெஞ்சை அடுத்தடுத்து ஓட்டி வரைபடம் போட்டவர், பேக்கேஜ் பவர் கடைசியில் எத்தனை வாட்டில் நின்றது என்று சொன்னவர், எந்த மோடில் எடுத்தது என்று குறிப்பிட்டவர் ஆகியோரின் எண்களே உதவும். சிப்பின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, அதே லேப்டாப் மாடலின் விமர்சனமாக இருக்க வேண்டும். காரணம் 4-ஆம் படியில் இருக்கிறது.

விமர்சனமே கிடைக்கவில்லை என்றால் பெட்டியோடு வரும் சார்ஜரின் வாட்டைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸுக்கு 100 வாட், பிராசசருக்கு 45 வாட் என்று விளம்பரத்தில் சொல்லிவிட்டு, சார்ஜர் 120 வாட் என்றால் கணக்கு இடிக்கிறது. திரைக்கும் ரேமுக்கும் சேர்த்து எங்கிருந்து வரும்? பேட்டரியிலிருந்து கொஞ்ச நேரம் கடன் வாங்கி ஓட்டலாம், அப்புறம் இரண்டில் ஒன்றின் வேகம் இறங்கியே ஆக வேண்டும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத, எச் வகைச் சிப் உள்ள லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜர் கொடுத்திருந்தாலும், பிராசசர் நீண்ட ஓட்டத்தில் அதன் டர்போ வாட்டுக்குப் பக்கத்தில்கூட நிற்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.